பேய்க்கணவாய்க்கு வீட்டுத் தொட்டி எதற்கு?

மும்பையில் வண்ண மீன் வளர்ப்பது புதிய பழக்கம் அல்ல. கிராபர்டு மார்க்கெட் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர், அதில் இரண்டு தங்க மீன். சம்பள நாளன்று பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு, மின்சார ரெயிலில் கூட்டத்தின் தலைக்கு மேலே பையைத் தூக்கிப் பிடித்தபடி வரும் தகப்பன்மார்களை இன்றும் பார்க்கலாம். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று நம்மவர்கள் வாழும் இடங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு அது ஒரு ஆறுதல்.

ஆனால் அண்மைக் காலமாக ஆசை வேறு திசையில் போகிறது. கைபேசியைத் திறந்தால் ஆக்டோபஸ் ஒன்று பாட்டில் மூடியைத் திருகித் திறக்கிறது. நீல விளக்கு வெளிச்சத்தில் ஜெல்லி மீன்கள் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக மிதக்கின்றன. 2020-இல் வெளிவந்த 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்ற படம் 2021-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றுவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளை கூட ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம் என்று ஒப்பிக்கிறது. "தங்க மீன் போதும்பா, ஒரு ஆக்டோபஸ் வாங்கலாம்" என்று அது கேட்டால் தகப்பன் என்ன சொல்வது? வெளிநாடுகளில் ஜெல்லி மீனைப் பார்சலில் அனுப்பியே விற்கிறார்கள். மேஜை மேல் வைக்கும் தொட்டியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அங்கே வந்தது இங்கே வர எத்தனை நாள் ஆகும்?

வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதில்லை. காரணங்களும் கொஞ்சநஞ்சம் அல்ல.

முதலில் இந்த இரண்டும் மீனே அல்ல. நம் கடற்கரைக்காரர்களுக்கு இவை அன்னியமும் அல்ல. தூத்துக்குடியிலும் ராமநாதபுரம் கரையிலும் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். ஜெல்லி மீன் என்பது இழுது மீன், சொறி மீன். தொட்டால் சொறியும் என்ற எச்சரிக்கையைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள் பெரியவர்கள். பாக் நீரிணைப் பக்கம் ஒரு காலத்தில் வெறும் சங்கு ஓடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் இறக்கி வைப்பார்கள். தூண்டில் இல்லை, இரை இல்லை. பேய்க்கணவாய் தானாக வந்து ஓட்டுக்குள் புகுந்துகொள்ளும். கயிற்றை இழுத்தால் பிடிபட்டுவிடும். பொந்தைக் கண்டால் புகாமல் இருக்க முடியாத பிராணி அது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஜெல்லி மீனின் கதை சுருக்கமானது. உடம்பில் 95 சதவீதம் தண்ணீர். மூளை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை, எலும்பு இல்லை. நீரோட்டம் போகிற பக்கம் போகும். இப்படிப்பட்டதை வளர்ப்பது சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. சாதாரண சதுரத் தொட்டியில் விட்டால் நீரோட்டம் அதை மூலைக்குக் கொண்டுபோய் ஒதுக்கும். மூலையில் உரசி உரசி உடம்பு கிழியும். தண்ணீர் இழுக்கும் பம்பின் வாயில் சிக்கினால் கந்தல் துணி மாதிரி ஆகிவிடும். தங்க மீன் தொட்டியில் காற்றுக் குமிழ் விடுகிறோமே, அதுவும் ஆகாது. குமிழ் குடைக்குள் புகுந்து தங்கி, ஓட்டை போட்டுவிடும்.

இதற்காகவே மூலை இல்லாத வட்டத் தொட்டி செய்தார்கள். 1960-களில் ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஃப் கிரேவ் என்ற ஆராய்ச்சியாளர், கடலில் மிதக்கும் மெல்லிய உயிர்களை ஆய்வுக்கூடத்தில் வைத்திருப்பதற்காக உண்டாக்கியது அது. கிரைசல் என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதற்குப் பம்பரம் என்று அர்த்தம். தண்ணீர் எந்நேரமும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜெல்லி மீன் எதிலும் படாமல் நடுவில் மிதக்கும். பின்னால் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடா மீன் காட்சி சாலை போன்ற இடங்கள் அதைப் பெரிதாக்கி மக்களுக்குக் காட்டின. மக்கள் மயங்கிப் போனார்கள். அந்த மயக்கத்தின் குட்டிதான் மேஜைத் தொட்டி.

பம்பரம் சுற்றுவதற்கு மின்சாரம் வேண்டும். நின்றால் ஜெல்லி மீன் அடியில் போய்ப் படுத்துவிடும். பெரும்பாலும் வளர்க்கப்படும் நிலா ஜெல்லிக்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். மும்பையில் மே மாதம் தகரக் கூரை வீட்டில் மனிதனே வெந்து போகிறான். எனவே தண்ணீரைக் குளிர வைக்கத் தனி இயந்திரம் வைக்க வேண்டும். அது ஒரு குட்டிக் குளிர்சாதனப் பெட்டி. தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை எங்கே விடும்? அறைக்குள்தான் விடும். ஜெல்லி மீன் குளிர்ச்சியாக இருக்க, குடும்பம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்!

சாப்பாடு இன்னொரு தலைவலி. அதன் உணவு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உப்பு நீர் இறால் குஞ்சு. முட்டையை டப்பாவில் விற்கிறார்கள். உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் காத்திருந்தால் பொரியும். வடிகட்டி, அன்றன்றைக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். அதிகம் போட்டால் தண்ணீர் கெடும். குறைத்துப் போட்டால் ஜெல்லி மீன் உடனே சாகாது. சுருங்கும். சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தது சாஸர் அளவாகி, பிறகு நாணயம் அளவாகும். தினம் பார்க்கிறவர்களுக்குச் சுருங்குவது தெரியவே தெரியாது. பட்டினி கிடக்கிறது என்று அது சத்தம் போடவா முடியும்?

இனிப் பேய்க்கணவாய்க்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகவே சொல்ல வேண்டும். ஜெல்லி மீனுக்கு மூளை இல்லை என்பது பிரச்சினை. இதற்கு மூளை அதிகம் என்பதே பிரச்சினை.

ஒரு சாதாரண ஆக்டோபஸின் உடம்பில் சுமார் 50 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளிலும் பரவி இருக்கிறது. கை தொட்டவுடனேயே ருசியும் அறியும். எலும்பு கிடையாது. உடம்பில் கெட்டியான பாகம் கிளி மூக்கு மாதிரி இருக்கும் அலகுதான். அந்த அலகு நுழைகிற சந்து இருந்தால் போதும், முழு உடம்பும் நுழைந்துவிடும்.

நியூசிலாந்தில் நேப்பியர் நகரத்து தேசிய மீன் காட்சி சாலையில் இங்கி என்றொரு ஆக்டோபஸ் இருந்தது. 2016-இல் ஒரு இரவு தொட்டியின் மூடி கொஞ்சம் சரியாக மூடப்படாமல் இருந்திருக்கிறது. இங்கி வெளியே ஏறி, தரையில் ஊர்ந்து, சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து, அது வழியாகக் கடலுக்கே போய்விட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே எழுதின. அங்கே குழாய் கடலில் முடிந்தது. இங்கே சால் வீட்டு மோரிக்குள் இறங்குகிற பிராணி எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் சான்டா மோனிகா காட்சி சாலையில் 2009-இல் நடந்தது இன்னொரு விதம். அங்கிருந்த ஆக்டோபஸ் ராத்திரி நேரத்தில் ஒரு வால்வைப் பிடுங்கி விட்டது. சுமார் 200 காலன் கடல் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. காலையில் வந்த ஊழியர்கள் பார்த்தது வெள்ளக் காடு. ஜெர்மனியில் கோபர்க் நகரில் 2008-இல் ஓட்டோ என்ற ஆக்டோபஸ் தொட்டிக்கு மேலே எரிந்த விளக்கின் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மின்சாரத்தையே நிறுத்தியது. வெளிச்சம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சம்பளம் வாங்குகிற காவலாளிகளும், படித்த நிபுணர்களும் இருக்கிற இடங்களிலேயே இந்தக் கூத்து. மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறவர் வீட்டில் ராத்திரி 200 லிட்டர் ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் சிரிப்பாரா?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2023-இல் ஒரு குடும்பம் தங்கள் பையன் ஆசைப்பட்டான் என்று ஒரு ஆக்டோபஸ் வாங்கியது. ஆண் என்று நினைத்து ஆண் பெயர் வைத்தார்கள். சில மாதத்தில் அது முட்டை இட்டது. 2024-இல் சுமார் 50 குஞ்சுகள் பொரித்தன. குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டப்பா. அந்தச் செய்தி வேடிக்கையாகப் பரவியது. அதில் கவனிக்க வேண்டியது வேறு. முட்டை இட்டது என்றால் தாய்க்கு முடிவு வந்துவிட்டது என்று பொருள். ஓக்லஹோமாத் தாயும் அப்படியே செத்தது.

பேய்க்கணவாயின் ஆயுசு அவ்வளவுதான். சாதாரண ஆக்டோபஸ் ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு. குளிர் கடலில் வாழும் பெரிய ஜாதி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. பெண் ஒரே ஒரு தடவைதான் முட்டை இடும். பிறகு பொந்தை விட்டு நகராது. முட்டைகளைத் தடவித் தடவிச் சுத்தம் செய்யும், தண்ணீரை ஊதி ஊதிக் காற்று கொடுக்கும். சாப்பிடாது. முட்டை பொரிக்கும் வரை பட்டினி கிடந்து உயிரை விடும். ஆணும் இனச்சேர்க்கைக்குப் பிறகு அதிக நாள் தங்காது. 1977-இல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுரப்பியை எடுத்துப் பார்த்தார். தாய் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடியும் இரை தின்னத் தொடங்கியது. இயற்கை எழுதிய சாவு அந்தச் சுரப்பியில் இருக்கிறது என்று தெரிந்தது. வீட்டுத் தொட்டியில் அந்தச் சாவைப் பார்க்கப் போகிறவர் யார்? பிள்ளைதான்.

அதுவும் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஓர் ஆண்டு ஆயுசில் பத்து மாதம் முடிந்ததை விலை கொடுத்து வாங்கினால் மிச்சம் இரண்டு மாதம். வழியிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. பையில் அடைத்துத் தூக்கிப் போட்டுக் குலுக்கினால் பயத்தில் மை கக்கும். கடலில் மை அதன் தற்காப்பு. பைக்குள் கொஞ்சம் தண்ணீரில் அந்த மையே அதற்குக் காலனாகும்.

அதன் அறிவைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் மிகை இருப்பதாக நினைப்பவர்கள் இருக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் காட்சி சாலையில் செய்த சோதனை ஒன்றின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இரண்டு ஆட்களுக்கு ஒரே மாதிரி உடை. ஒருவர் தினமும் இரை கொடுப்பார். மற்றவர் குச்சியால் குத்துவார். இரண்டு வாரத்தில் ஆக்டோபஸ்கள் ஆளை அடையாளம் கண்டுகொண்டன. குத்துகிறவரைக் கண்டால் விலகின, இரை கொடுப்பவரைக் கண்டால் நெருங்கின. யூனிபாரம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவர் யார் என்று அதற்குத் தெரிகிறது. மேலதிகாரிகள் சிலருக்கே வராத திறமை இது.

பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில், வலியும் வேதனையும் உணரும் உயிர்களின் வரிசையில் ஆக்டோபஸையும் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா ஆகிய இரண்டு மாநிலங்கள் உணவுக்காக ஆக்டோபஸ் பண்ணை வைப்பதை 2024-இல் தடை செய்தன. அங்கே கணவாய் வறுவல் தின்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இங்கேயும் தின்கிறவர்கள் தின்னட்டும். வலையில் வந்ததைத் தின்பது ஒன்று. விபரம் தெரிந்த ஒரு பிராணியை மாதக்கணக்கில் இரண்டடிப் பெட்டியில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பது வேறு. காட்சி சாலைகளில் அதற்குப் பொழுது போக வேண்டும் என்பதற்காக நண்டைப் பாட்டிலுக்குள் போட்டு மூடிக் கொடுக்கிறார்கள். பொம்மை கொடுக்கிறார்கள். தொட்டியில் அடைபட்ட ஆக்டோபஸ் தன் கையையே கடித்துத் தின்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் "ஆசைக்கு விலை உண்டா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். விலை உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு குமாஸ்தா. பத்துக்குப் பன்னிரண்டு அறை. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார். சிறிய ஜாதி ஆக்டோபஸுக்குக் கூட 200 லிட்டர் தொட்டி வேண்டும் என்கிறார்கள் அனுபவப்பட்டவர்கள். 200 லிட்டர் கடல் நீர் 200 கிலோவுக்கு மேல். கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு, கல் எல்லாம் சேர்த்தால் நாலு ஆள் எடை. லால்பாக், கிர்காவ் பக்கத்து மரத்தளம் போட்ட பழைய சால்களில் நாலு ஆளை இரவு பகலாக ஒரே மூலையில் நிற்க வைத்தால் தரை தாங்குமா என்று யோசிக்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வரும்? மெரைன் டிரைவில் போய்க் குடத்தில் மொண்டு வர முடியாது. நகரத்துச் சாக்கடையும் கலக்கிற கடல் அது. எனவே குழாய்த் தண்ணீரில் குளோரினைப் போக்கி, கடல் உப்புக் கலவை வாங்கிக் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் என்றால் 200 லிட்டருக்கு 7 கிலோ. சமையல் உப்பு உதவாது. கரைத்ததும் பிராணியை விட்டுவிடவும் முடியாது. அதன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நுண்கிருமிகள் தொட்டியில் வளர்வதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் காலித் தொட்டியை ஓட்ட வேண்டும். பிறகும் அடிக்கடி ஒரு பகுதியை வடித்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனையோ பகுதிகளில் விடிகாலையில் இரண்டு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். அதைப் பிடிக்க வீட்டுப் பெண்கள் எழுந்து குடத்தோடு நிற்கிறார்கள். அதில் நாலு குடத்தைப் பேய்க்கணவாய்க்கு எடுத்து வை என்று மனைவியிடம் சொல்லத் தைரியம் உள்ள கணவன் எத்தனை பேர்?

மின்சாரம். பம்பும் விளக்கும் சேர்ந்து 100 வாட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 72 யூனிட். குளிர வைக்கும் இயந்திரம் இதில் சேராது. உணவுக்கு நண்டு, இறால். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறால். அதற்குத் தினமும் இறால்! யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

இன்னொரு ஆபத்து யாருக்கும் தோன்றாதது. வண்ண மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து ஊற்றுவார்கள். மீன் பிழைக்கும். அதே தொட்டியைக் கழுவி ஆக்டோபஸை விட்டால், கல்லிலும் சந்திலும் ஒட்டியிருக்கும் செம்பு அதைக் கொன்றுவிடும். இத்தனைக்கும் அதன் ரத்தம் நீலமாக இருப்பதற்குக் காரணமே அதில் உள்ள செம்புதான். உள்ளே இருந்தால் உயிர், வெளியே தண்ணீரில் கரைந்தால் விஷம்.

எல்லாவற்றையும் சமாளித்தாலும் மே மாதம் என்று ஒன்று வரும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே டிக்கெட் எடுக்க ஓடி, கிடைத்தும் கிடைக்காமல், நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ குடும்பத்தோடு ரெயில் ஏறுகிற நேரம். கோயில் கொடை, கல்யாணம், சொத்து விஷயம் என்று மூன்று வாரம். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் ஊற்றுவாள். தங்க மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போடவும் சம்மதிப்பாள். அரிசி புடைப்பது போல இறால் குஞ்சை வடிகட்டு, உயிர் நண்டைப் பிடித்துப் போடு, மூடியைப் பூட்டு, கை நீண்டு வந்தால் பயப்படாதே என்று சொன்னால், அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பேய்க்கணவாய்க்குக் காவல் இருக்க முடியுமா? ஊரை விட்டு வந்தவன் வருஷத்துக்கு ஒரு முறையாவது போய்த் தலைகாட்டிவிட்டு வருகிறான். தொட்டியில் இருப்பதற்கு அந்த வழியும் கிடையாது.

பணமும் இடமும் நேரமும் இருக்கிறவர்கள் வளர்த்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. நிலா ஜெல்லியைக் காட்சி சாலைகளிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்குகிறார்கள். கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மூலையில்லாத தொட்டியும் ஆளும் அம்பும் வைத்து ஒருவர் அதை வளர்த்தால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. தொட்டிகள் இல்லாவிட்டால் இந்த உயிர்களைப் பற்றி மேலே சொன்ன விபரங்களில் பாதி யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. மும்பையிலேயே 1951-இல் திறந்த தாராபோர்வாலா மீன் காட்சி சாலைக்குத் தலைமுறைக் கணக்கில் நம்மவர்கள் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அது ஊருக்கெல்லாம் பொதுவாக, சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டது. ஆக்டோபஸ் விஷயத்தில் மட்டும், பணக்காரருக்கும் அதே பதில்தான். தொட்டி நாலு மடங்கு பெரிதானால் சிறை நாலு மடங்கு பெரிதாகும்.

விற்பவர் சொல்வதை அப்படியே நம்புவதிலும் ஆபத்து உண்டு. நீல வளைய ஆக்டோபஸ் என்று ஒரு ஜாதி. உள்ளங்கையில் அடங்கும், அழகு கொட்டிக் கிடக்கும். கடித்தால் சில நேரம் வலி கூடத் தெரியாது. ஆனால் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்றினால் உண்டு. தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று உயிருள்ள பவளத்தையும் கடல் குதிரையையும் யாராவது தலையில் கட்டினால், வாங்கியவர் மீதே வழக்கு வரும். அவை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை.

பிள்ளைக்கு என்ன வழி? கப்பி மீன் இருக்கிறது. மோலி இருக்கிறது. நன்னீரில் வாழும், குட்டி போடும், வெயிலைத் தாங்கும், பத்து நாள் லீவில் போனாலும் ஒரு சிட்டிகை தீனியோடு சமாளிக்கும். ஜெல்லி மீன் ஆடுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சிலிக்கானில் செய்த பொம்மை ஜெல்லி மீன் கிடைக்கிறது. தண்ணீரில் விட்டால் நிஜம் போலவே ஆடும். இது கேலி அல்ல.

நிஜப் பேய்க்கணவாயைப் பார்க்க ஆசையா? மும்பையிலேயே பார்க்கலாம், காசு செலவில்லாமல். ஹாஜி அலி, பாந்திரா பக்கத்துப் பாறைக் கரைகளில் கடல் வற்றுகிற நேரத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் நண்டு, கடல் சாமந்தி, நத்தை, அதிர்ஷ்டம் இருந்தால் கல்லுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறிய ஆக்டோபஸ். 2018-இல் தொடங்கிய கரையோரச் சாலைப் பணியில் அந்தப் பாறைகளில் ஒரு பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. மிச்சம் இருக்கிறது. 2017 முதல் 'மரைன் லைப் ஆப் மும்பை' என்ற குழுவினர் பொதுமக்களை இந்தக் கரைகளுக்கு அழைத்துப் போய்க் காட்டத் தொடங்கினார்கள். கடல் வற்றும் நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதிகம் வற்றும். தாயாரிடம் கேட்டால் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையோடு அமாவாசை சேர்ந்து வந்தால் விசேஷம்.

மழைக்காலத்தில் போகக் கூடாது. பாறை வழுக்கும், அலை இழுக்கும். அந்த மாதங்களில்தான் நீலக் குமிழ் போன்ற விஷப் பிராணிகள் மும்பைக் கரையில் ஒதுங்கும். 2018 ஆகஸ்டில் அவை கொட்டிப் பலர் துடித்தது நினைவிருக்கலாம். ஜெல்லி மீன் மாதிரி இருந்தாலும் அது வேறு ஜாதி. கொட்டினால் தேய்க்காமல், கடல் நீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மற்ற மாதங்களில் காலுக்கு ரப்பர் செருப்புப் போதாது, பழைய பள்ளிக்கூட ஷூ நல்லது. கல்லைப் புரட்டினால் புரட்டிய மாதிரியே திருப்பி வைக்க வேண்டும். கையை விட்டுத் துழாவக் கூடாது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக் கொண்டு போகும் பாட்டிலை மட்டும் தகப்பன் தன் பையில் வைத்துக்கொள்வது உத்தமம். காலி பாட்டில் கையில் இருந்தால், எதையாவது பிடித்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரத்தான் பிள்ளைக்குத் தோன்றும்.